கடைசியில் பூட்டப்படுபவை

அமெரிக்காவில் காரின் பின்னால் கொக்கியிட்டு இழுத்துச் செல்லப்படும் முகாம் வண்டிகளுள் மிகச் சிறியதும், வீட்டுக் கொட்டகையில் ஒருவரோ இருவரோ தம் கையாலேயே செய்துகொள்ளத்தக்கதுமானது துளிவடிவ டிரெய்லர். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது முன்புறம் உருண்டும் பின்புறம் சரிந்து குறுகியும் நீர்த்துளியை ஒத்திருப்பதால் அப்பெயர் வந்தது. உள்ளே இருவர் படுக்க ஒரு மெத்தையும், அதன்மேல் நிமிர்ந்து உட்காரும் அளவுக்கு மட்டுமே உயரமும் இருக்கும். பின்புறச் சரிவு கீல்களில் மேல்நோக்கித் திறக்கும்போது அதனடியில் அடுப்பும் பாத்திரங்களும் தண்ணீர்க் கலனும் அடங்கிய சமையல் மேடை வெளிப்படும். சமைப்பவர் தரையில் நின்றபடி, திறந்த மூடியையே கூரையாகக் கொண்டு சமைப்பார். இவ்வண்டியைச் செய்பவர்கள் மாதக்கணக்கில் பிளைவுட் அறுத்து, கூரைக்குத் தகடு வளைத்து, கதவுகளுக்கு ரப்பர் ஒட்டி, மின்கம்பி இழுத்து முடித்த பிறகு, சாயம் பூசும் நாட்களை ஒட்டித்தான் இரண்டு உறுப்புகளுக்கு வந்து சேர்கிறார்கள்: சக்கரத்தின்மேல் கவியும் மட்கார்டு, பின்விளிம்பில் குறுக்காக நிற்கும் பம்பர்.

வேலைப் பட்டியலின் அடியில் கிடக்கும் இவ்விரண்டும் பெரும்பாலும் அலங்காரக் கணக்கிலேயே எழுதப்படுகின்றன. மெத்தை, அலமாரி, ஜன்னல், கொசுவலை என்று வண்டியில் உள்ள ஏனைய அனைத்தும் அதற்குள் படுப்பவரின் வசதியைக் கருதிச் செய்யப்படுபவை. பின்விளக்குகளை விலக்கிவிட்டுப் பார்த்தால், அவ்வண்டியை இதற்குமுன் பார்த்திராத, பார்த்தாலும் ஒரு நிமிடத்தில் முந்திச் சென்றுவிடப்போகிற வேறொருவரைக் கருதியும் அமையக்கூடியவை இவ்விரண்டு மட்டுமே. பின்விளக்குகளுக்குச் சட்டத்தின் கட்டாயம் உண்டு. மட்கார்டு, பம்பர் ஆகியவற்றின் விஷயத்தில் சட்டம் சிறு டிரெய்லர்களைப் பெருமளவு தம் போக்கில் விட்டுவிட்டது. எனவே வீட்டில் செய்யப்படும் ஒரு வண்டியில், செய்பவர் சாலையைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதை யாரும் கேட்காமலேயே காட்டிக்கொடுக்கும் இடமாக இவை அமைகின்றன.

துளிவடிவ டிரெய்லர் 1930களில், பெரும்பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், கலிஃபோர்னியாவிலும் அதைச் சுற்றிய பகுதிகளிலும் உருவெடுத்தது. அன்றைய கார்களின் இழுவிசை குறைவாக இருந்ததும், கையில் காசு குறைவாக இருந்ததும் அதன் அளவைத் தீர்மானித்தன. கைவினை இதழ்கள் வரைபடங்களை வெளியிட்டன. பாப்புலர் மெக்கானிக்ஸ் இதழ் 1947இல் வெளியிட்ட வரைபடத்தை இன்றும் பலர் அடியொற்றுகிறார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் லாங் பீச் நகரத்துக் கிட் நிறுவனம் இத்தகைய வண்டிகளைத் தொழிற்சாலையிலேயே செய்து விற்றது. போர் உபரியாகக் குவிந்த அலுமினியத் தகடுகளும் ஜீப் சக்கரங்களும் மலிவாகக் கிடைத்த காலம் அது. அமெரிக்கப் பிளைவுட் பலகையின் நிலையான அளவு 4 அடிக்கு 8 அடி என்பதால், வண்டியின் தளமும் அவ்வளவே ஆயிற்று. பலகையை வீணாக்காமல் ஒரு தளம், இரண்டு பக்கச் சுவர்கள் என்று கணக்குப் பார்த்தவர்களின் சிக்கனம் அவ்வடிவத்தில் இன்னும் உறைந்திருக்கிறது. தளத்தின் அகலம் 4 அடியாகிவிட்டால் சக்கரங்களை உடலுக்குள் ஒளிக்க இடமில்லை. ஒளித்தால் மெத்தையின் இருபுறமும் மேடு எழும்பிவிடும். எனவே சக்கரங்கள் சுவருக்கு வெளியே நின்றன. அதனாலேயே மட்கார்டு தேவையாயிற்று.

இவ்வண்டியின் உடலை ஒருவர் வீட்டில் செய்துவிட முடிவதற்கு ஒரு வடிவியல் காரணம் உண்டு. பக்கவாட்டில் எவ்வளவு வளைந்திருந்தாலும் அதன் மேற்பரப்பு ஒரே திசையில் மட்டுமே வளைகிறது. குறுக்கே ஒரு நேர்கோலை வைத்தால் எவ்விடத்திலும் அது படிந்து உட்காரும். ஒரு திசையில் மட்டும் வளையும் பரப்பை மெல்லிய பிளைவுட்டாலோ, ஒரு மில்லிமீட்டர் அளவுத் தடிமனுள்ள அலுமினியத் தகட்டாலோ, தகட்டை எங்கும் இழுக்காமலும் சுருக்காமலும் மூடிவிடலாம். மட்கார்டு அப்படிப்பட்டதன்று. சக்கரத்தைச் சுற்றி ஒரு வளைவும், உள்ளிருந்து வெளிவிளிம்பு நோக்கி இன்னொரு வளைவும் கொண்ட அதன் பரப்பை, தட்டையான தகட்டிலிருந்து வளைத்து மட்டும் பெற முடியாது. நடுப்பகுதியைத் தட்டி நீட்டவோ, விளிம்பைச் சுருக்கவோ வேண்டும். அதற்கு மணல்மூட்டையும் மரச்சுத்தியலும் வேண்டும். அல்லது தகட்டை இரண்டு உருளைகளுக்கிடையே முன்னும் பின்னும் ஓட்டி நீட்டுகிற, ஆங்கிலச் சக்கரம் என்று பட்டறைகளில் அழைக்கப்படும் கருவி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பல தகடுகளைப் பாழாக்கிப் பெற்ற கைத்தேர்ச்சி வேண்டும். பிளைவுட் அறுக்கத் தெரிந்த ஒருவர் தம் முழு வண்டியையும் செய்துவிட்டு, மட்கார்டு என்று வரும்போது டிரெய்லர் உதிரிபாகக் கடைக்குப் போய் அச்சில் அழுத்தி எடுத்த இரும்பு அல்லது பிளாஸ்டிக் மட்கார்டு இரண்டை வாங்கிவருவதற்கு இதுவே காரணம்.

ஆங்கிலேய மரவினைஞரும் பேராசிரியருமான டேவிட் பை, கைவினையின் இயல்பு குறித்து 1968இல் வெளியிட்ட நூலில், வேலைகளை இரண்டாகப் பிரித்தார். ஒன்றில், செய்பொருளின் தரம் வேலை நடக்கும் ஒவ்வொரு கணமும் செய்பவரின் கவனத்தையும் தீர்மானத்தையும் நம்பியிருக்கிறது. கடைசிக் கணத்தில்கூட அது கெட்டுப்போகலாம். மற்றொன்றில், தரம் வேலை தொடங்குமுன்பே அச்சிலும் வார்ப்பிலும் தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. வீட்டில் செய்த டிரெய்லரில் முதல்வகை வேலையின் நடுவே இரண்டாம்வகை வேலை ஒரு தீவுபோல் ஒட்டிக்கொண்டு நிற்கும் இடம் மட்கார்டு. கடையில் வாங்கிய மட்கார்டைச் சிலர் ஒரு தோல்வியாகவே கருதுகிறார்கள். அது தேவையற்ற கூச்சம். டயரையும் கொக்கியையும் யாரும் வீட்டில் செய்வதில்லை. ஆனால் அக்கூச்சத்திலிருந்து பிறந்த மாற்றுவழிகள் சுவையானவை. மெல்லிய மரப்பட்டைகளை வளைத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, ஒட்டிய பின் விளிம்பை உருட்டி இழைத்து மர மட்கார்டு செய்பவர்கள் உண்டு. நுரைக்கட்டியைச் செதுக்கி அதன்மேல் கண்ணாடியிழையும் பிசினும் பூசுபவர்கள் உண்டு. எளிய வழி ஜீப் வழி: 1941இல் உற்பத்திக்கு வந்த வில்லிஸ் ஜீப்பின் மட்கார்டு கிட்டத்தட்ட தட்டையான தகடுகளால் ஆனது, அதே பாணியில் மூன்று தட்டைப் பரப்புகளை இரண்டு மடிப்புகளால் இணைத்துவிட்டால் இரட்டை வளைவுக்கே வேலையில்லை. போர்க்கால அவசரத்தில் அழகைப் பொருட்படுத்தாமல் எடுத்த முடிவு, இன்று பழமையின் அழகாக விரும்பிப் பின்பற்றப்படுகிறது.

பழைய கார்களின் மட்கார்டுகளைத் தேடிப் பொருத்துவோரின் ஆசைக்கும் வரலாற்றுப் பின்னணி உண்டு. காற்றின் எதிர்ப்பைக் குறைக்கும் வடிவங்களின்மேல் உலகெங்கும் மோகம் பரவிய 1930களில், கிறைஸ்லர் நிறுவனம் 1934இல் ஏர்ஃப்ளோ என்ற காரைக் கொண்டுவந்தது. பாரிஸில் ஃபிகோனி, ஃபலாஷி இருவரின் பட்டறை 1937இல் டால்போ-லாகோ கார்களுக்குச் செய்த உடல்களில் ஒவ்வொரு மட்கார்டும் தனித்தனி நீர்த்துளியாக வீங்கி நின்றது. உடலோடு ஒட்டாத தனி உறுப்பாக மட்கார்டு இருந்த கடைசிக் காலமும் அதுவே. போருக்குப்பின் கார்களின் பக்கங்கள் தட்டையாகி, மட்கார்டு உடலுக்குள் கரைந்தது. 1949ஆம் ஆண்டு ஃபோர்டு கார் அம்மாற்றத்தைப் பெருவாரியான மக்களிடம் கொண்டுசேர்த்தது. கார் கைவிட்ட அவ்வுறுப்பைப் பின்னால் வந்த சிறு டிரெய்லர் கைவிடவில்லை. 4 அடி அகலம் அதை விடவில்லை என்பதே சரி. ஃபோக்ஸ்வேகன் வண்டுக் கார் நெடுங்காலம் போல்ட்டால் கழற்றி மாட்டக்கூடிய தனி மட்கார்டுகளோடு ஓடிக்கொண்டிருந்தது என்பதால், அதன் பின் மட்கார்டுகள் இன்று துளிவடிவ வண்டிகளின் பக்கச் சுவர்களில் ஏறியிருப்பதில் வியப்பில்லை.

அழகின் கதை இவ்வளவு நீளமாக இருக்க, மட்கார்டின் கடமை பெரும்பாலும் தவறாகவே புரிந்துகொள்ளப்படுகிறது. ஓடும் சக்கரம் கல்லைப் பின்னால் வருபவர்மேல் வீசியெறிகிறது என்பது பொது எண்ணம். சக்கரம் வழுக்காமல் உருளும்போது தரையைத் தொடும் புள்ளி, தரையைப் பொறுத்தவரை, அக்கணத்தில் அசையாமல் நிற்கிறது. டயரின் பள்ளத்தில் சிக்கிய கல், தரையை விட்டு எழுந்த உடனேயே விடுபட்டால், அதற்கு முன்னோக்கிய வேகம் மிகச் சொற்பம். மேல்நோக்கிய வேகம் மட்டுமே ஓரளவு இருக்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், சக்கரம் வெறும் 20 பாகை சுழன்றபின் விடுபடும் கல் நொடிக்கு 9 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் மேலெழும்பும்; முன்னோக்கி அது ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும். பின்னால் வரும் காரின் கண்ணாடிதான் தன் முழு வேகத்தோடு அக்கல்லில் போய் மோதுகிறது. கல்லை அந்தரத்தில் தூக்கி நிறுத்திவிட்டுப் போவது மட்டுமே முன்னே சென்ற வண்டியின் பங்கு. அதற்கு மாறாக, சக்கரத்தின் பின்பக்கம் அச்சின் உயரத்துக்கு மேலே வந்த பிறகு விடுபடுபவை வண்டியோடு சேர்ந்தே முன்னோக்கிப் பாய்ந்து, வண்டியின் சொந்தச் சுவரைத்தான் தாக்கும்.

இதிலிருந்து ஒரு கசப்பான முடிவு கிடைக்கிறது. சக்கரத்தின் மேல் அரைவட்டத்தை மட்டும் கவித்து அச்சின் மட்டத்தோடு நின்றுவிடும் அழகிய குட்டை மட்கார்டு, காப்பது பெரும்பாலும் சொந்தச் சுவரின் சாயத்தை. பின்னால் வருபவருக்குத் தொல்லை தரும் கீழ்ப்பகுதிக் கற்களில் பலவற்றை அது தப்பவிட்டுவிடுகிறது. அவற்றைப் பிடிக்க மட்கார்டின் பின்முனை தாழ இறங்க வேண்டும். அல்லது அதன் அடியில் மட்ஃப்ளாப் எனப்படும் ரப்பர் திரை தொங்க வேண்டும். பளபளக்கும் வளைவின் கீழே கறுப்பு ரப்பரைத் தொங்கவிடப் பலருக்கும் மனம் வருவதில்லை. கலிஃபோர்னிய வாகனச் சட்டத்தின் 27600ஆம் பிரிவு, டயரின் அகலத்துக்குக் குறையாத மட்கார்டோ திரையோ வேண்டும் என்று சொல்லும்போது, வண்டியின் பின்புறம் நோக்கித் தெறிக்கும் நீரையும் சேற்றையும்தான் குறிப்பிடுகிறது. சொந்தச் சுவரைப் பற்றி அதற்குக் கவலையில்லை. ஆனால் வெற்று எடை 1,500 பவுண்டுக்கு, அதாவது ஏறத்தாழ 680 கிலோவுக்குக் குறைவான டிரெய்லர்களுக்கு அதே பிரிவு விலக்கும் அளிக்கிறது. துளிவடிவ வண்டிகளில் பெரும்பாலானவை அவ்வெல்லைக்கு உட்பட்டவை. மற்ற மாநிலங்களின் விதிகள் வேறுபடும். எனினும், இவ்வடிவம் பிறந்து வளர்ந்த மாநிலத்திலேயே மட்கார்டு செய்பவரின் மனச்சாட்சிக்கு விடப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது.

மட்கார்டைக் கடைசியில் பூட்டலாம். கடைசியில் யோசிக்க முடியாது. வண்டியின் பக்கக் கதவு மெத்தையின் நடுப்பகுதியை ஒட்டி அமைவதால் அதன் கீழ்ப் பின்மூலை சக்கரத்தின்மேல் வந்து விழுகிறது. அம்மூலையை மட்கார்டின் வளைவுக்கு ஒத்த வில்லாக அறுத்தாக வேண்டும். கதவு அறுக்கும் நாளில் மட்கார்டின் ஆரம் தெரியாவிட்டால், பிறகு வாங்கும் மட்கார்டு கதவைத் திறக்கவிடாது. அடுத்தது மேலிடைவெளி. டயர் மேடுபள்ளத்தில் மேலும் கீழும் ஏறியிறங்கும். வண்டியில் சுமையேறும்போது உடல் டயரை நோக்கித் தாழும். எனவே டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் குறைந்தது 3 அங்குலமாவது விடுவது நல்ல பழக்கம். பட்டை ஸ்பிரிங் அச்சில் டயர் ஏறக்குறைய நேராக மேலேறும். ரப்பர் முறுக்கத்தால் இயங்கும் அச்சு என்றொரு வகை உண்டு. சதுரக் குழாயின் உள்ளே அழுத்திச் செருகப்பட்ட ரப்பர் வடங்கள் முறுக்கப்பட்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் அதில், சக்கரம் பின்னோக்கி நீளும் ஒரு கையின் முனையில் இருப்பதால், மேலேறும்போது சற்றுப் பின்னாலும் நகரும். அதற்குப் பொருத்தும் மட்கார்டின் வளைவை டயரின் மையத்தோடு ஒத்தே வைத்துவிட்டால், வெறும் வண்டியில் அழகாக இருப்பது சுமையேற்றிய முதல் பள்ளத்திலேயே உரசும்.

எதில் பூட்டுவது என்பதும் எளிய கேள்வியன்று. இரும்புச் சட்டத்திலிருந்து தாங்கிகள் நீட்டி அவற்றில் பூட்டினால், யாராவது மட்கார்டின்மேல் ஏறி நின்று கூரையைத் துடைத்தாலும் அது தாங்கும். ஆனால் தாங்கியின் முனையில் மட்கார்டு இடைவிடாது அதிர, போல்ட் துளையைச் சுற்றித் தகடு நாளடைவில் விரிசல் காணும். பக்கச் சுவரிலேயே பூட்டினால் அதிர்வு குறையும். ஆனால் ஒவ்வொரு போல்ட் துளையும் பிளைவுட்டுக்குள் நீர் புகும் வாசலாகிவிடும். துளையின் உட்புறத்துக்குப் பிசின் பூசுவதும், போல்ட்டைச் சுற்றி ப்யூட்டைல் பசைநாடா வைப்பதும், உள்ளே அகலமான வாஷர் போடுவதும் அதற்கான காப்பு. சுவருக்கும் மட்கார்டுக்கும் இடையே, பழைய கார்களில் இருந்ததுபோல், உருண்ட விளிம்புள்ள ரப்பர் அல்லது வினைல் பட்டை ஒன்றைச் செருகுவது வழக்கம்; இரண்டு பரப்புகளின் கோணல்மாணலை மறைப்பதோடு, அலுமினியத் தோலும் இரும்பு மட்கார்டும் நேரடியாகத் தொட்டு, ஈரத்தில் மின்வேதி அரிப்புக்கு உள்ளாகாமலும் அது காக்கிறது. இப்போதெல்லாம் பலர் 5 அடி அகல வண்டிகளை விரும்புகிறார்கள். இருபுறமும் டயரும் மட்கார்டும் தலைக்குப் பத்து அங்குலம் நீட்டினால் மொத்த அகலம் சரியாக 80 அங்குலம் ஆகிறது. அமெரிக்கக் கூட்டரசின் விளக்கு விதி 80 அங்குலமும் அதற்கு மேலும் அகலமுள்ள டிரெய்லர்களுக்குக் கூடுதல் எல்லை விளக்குகளைக் கட்டாயமாக்குவதும் அங்கேதான். ஒரு விரற்கடை அகலமான மட்கார்டு வண்டியையே வேறொரு சட்ட வகுப்புக்குள் தள்ளிவிடும்.

பம்பரின் சட்டக் கதை இன்னும் விசித்திரமானது. பின்புறக் காப்பு குறித்து அமெரிக்காவில் இரண்டு வெவ்வேறு சிந்தனைகள் வளர்ந்தன. முதலாவது உயிர் பற்றியது. உயரமான லாரி டிரெய்லரின் பின்புறத்தில் மோதும் கார் அதன் அடியில் புகுந்துவிட, டிரெய்லரின் தளம் காரின் கூரையைச் சீவிவிடும். 1967 ஜூன் 29 அன்று லூயிசியானாவில் நடிகை ஜேன் மேன்ஸ்ஃபீல்ட் பயணம் செய்த கார் அப்படியொரு விபத்துக்குள்ளாகி, அவரும் உடன் முன்னிருக்கையில் இருந்த இருவரும் இறந்தனர். லாரிகளின் பின்னால் தொங்கும் தடுப்புச் சட்டத்தை அவர் பெயராலேயே மக்கள் இன்றும் அழைக்கிறார்கள். தடுப்பு வேண்டும் என்ற பலவீனமான விதி 1950களிலேயே இருந்தபோதிலும், அத்தடுப்பு எவ்வளவு வலிமையாக இருக்க வேண்டும் என்பதை வரையறுக்கும் விதி 1998இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவும் மொத்த எடைத்தகுதி 10,000 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள டிரெய்லர்களுக்கே பொருந்தும். இரண்டாவது சிந்தனை பணம் பற்றியது. வாகன நிறுத்துமிடத்துச் சிறு மோதல்களால் காப்பீட்டுச் செலவு ஏறுவதைத் தடுக்க, 1972இல் இயற்றப்பட்ட ஒரு செலவுச் சேமிப்புச் சட்டத்தின் வழியே, பயணிகள் காரின் பம்பர் தரையிலிருந்து 16 முதல் 20 அங்குல உயரத்துக்குள் சிறு மோதலைத் தாங்க வேண்டும் என்ற தரம் உருவாயிற்று. மணிக்கு 5 மைலாக இருந்த சோதனை வேகம் 1982இல் 2.5 மைலாகக் குறைக்கப்பட்டது. அரை டன் எடையுள்ள துளிவடிவ வண்டி, முதல் விதிக்கு மிகச் சிறியது. இரண்டாம் விதிக்கு அது காரே அன்று. உயிருக்காகவும் பணத்துக்காகவும் எழுதப்பட்ட இரண்டு விதிகளுக்கும் நடுவிலுள்ள சந்தில் அது நிற்கிறது.

எனவே தம் பம்பர் எதற்காக என்று செய்பவர்தான் தமக்குத்தாமே சொல்லிக்கொள்ள வேண்டும். அழகுக்காக என்று சொன்னால் அதில் பொய்யில்லை. 1928 முதல் 1931 வரை வந்த மாடல் ஏ ஃபோர்டு கார்களில், பின்னால் உதிரிச் சக்கரம் இருந்ததால், பின் பம்பர் இரண்டு துண்டுகளாகப் பிரிந்து மூலைக்கொன்றாக நின்றது. அத்துண்டுகள் துளிவடிவ வண்டியின் பின்மூலைகளில் பொருந்துவதைக் காண்பவர் எவரும் அவை அங்கிருக்கப் பிறந்தவை என்றே நினைப்பார். நிக்கலும் குரோமியமும் பூசிய அத்தகைய பட்டையை வெறும் நகையாக ஏற்றுக்கொள்ளலாம். காப்பு என்ற பெயரில் அதை வண்டியின் பிளைவுட் தளத்தில் மரத்திருகுகளால் பூட்டுவதுதான் பிழை; முதல் மோதலில் பட்டை நெளியாமல் பலகை கிழியும்.

காப்புதான் நோக்கம் என்றால் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. இவ்வண்டியின் பின்புறம் அடிபடும் வாய்ப்பு மிகுதியாக இருப்பது, முகாம் தளத்தில் ஓட்டுநரே பின்னால் நகர்த்தும்போதுதான். மரமோ கம்பமோ அங்கே காத்திருக்கும். அப்போது மோதுவது 450 கிலோ டிரெய்லர் மட்டுமன்று. அதைத் தள்ளிக்கொண்டு வரும் 1,500 கிலோ காரும் சேர்ந்தே மோதுகிறது. மணிக்கு 2.5 மைல், அதாவது 4 கிலோமீட்டர் என்ற நடை வேகத்திலேயே அவ்விரண்டின் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 1,200 ஜூல். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வளையாத கனத்த இரும்புக் குழாயைச் சட்டத்தோடு நேராகப் பற்றவைத்துவிட்டால், அவ்வாற்றல் முழுதும் அந்த ஒரு சென்டிமீட்டருக்குள் தீர வேண்டியிருப்பதால், சராசரி விசை 12 டன் எடைக்கு நிகராகிறது. சட்டம் கோணலாகி, சட்டத்தோடு சமையல் மூடியும் கோணலாகி, மழை உள்ளே வரத் தொடங்கும். பம்பரின் தாங்கிகள் 5 சென்டிமீட்டர் நசுங்கிக்கொடுத்தால் அதே மோதலின் விசை இரண்டரை டன்னுக்கு இறங்குகிறது. வீட்டுப் பட்டறைகளில் வலிமை என்பது தடிமனாகவே அளக்கப்படுவதால் இக்கணக்கு ஏற்கப்படுவதில்லை. தாங்கியை மெல்லிய பட்டை இரும்பில் செய்து போல்ட்டால் மட்டும் பூட்டி, அடிபட்டால் கழற்றி மாற்றிக்கொள்வது மலிவான வழி; ஆனால் அப்படிச் செய்த வண்டியைப் பார்ப்பவர்கள் அதைப் பலவீனம் என்றே சொல்வார்கள்.

இதற்கு எதிர்முனையில் இன்னொரு பழக்கமும் உண்டு. தொழிற்சாலைகளில் செய்யப்படும் பெரிய முகாம் டிரெய்லர்களின் பின்னால் 4 அங்குலச் சதுரக் குழாய் ஒன்று பம்பராக இருக்கும். பார்வைக்குக் கனமாகத் தோன்றினாலும் அது மெல்லிய தகட்டால் ஆனது. அதன் முக்கிய வேலை கழிவுநீர்க் குழாயைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொள்வது. அதைப் பார்த்துப் பழகியவர்கள் தம் சிறு வண்டியிலும் பம்பரை ஒரு தாங்குமேடையாக எண்ணி, உதிரிச் சக்கரம், மிதிவண்டித் தாங்கி, எரிவாயு உருளை என்று ஒவ்வொன்றாக அதில் தொங்கவிடத் தொடங்குகிறார்கள். பின்னால் தொங்கும் ஒவ்வொரு கிலோவும் பள்ளத்தில் விழும்போது பல கிலோவாகித் தாங்கியை அசைப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அதைவிடப் பெரிய ஆபத்து முன்பக்கத்தில், காரின் கொக்கியில் நிகழ்கிறது.

ஒற்றை அச்சு வண்டியில் அச்சுக்கு முன்னாலுள்ள சுமையும் பின்னாலுள்ள சுமையும் தராசுத் தட்டுகளாகின்றன. மாட்டுவண்டி ஓட்டியவர்கள் முன்பாரம், பின்பாரம் என்று பிரித்துப் பேசுவது இதைத்தான். பின்பாரம் ஏறிய வண்டியில் நுகத்தடி மேலெழும்பி மாட்டின் கழுத்துக்கயிறு இறுகும். காரால் இழுக்கப்படும் டிரெய்லரில் ஏர்க்கால், அதாவது முன்னால் நீண்டு காரின் கொக்கியில் அமரும் சட்டம், மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காட்டுக்குள் கொக்கியை அழுத்த வேண்டும் என்பது நடைமுறை. அது குறைந்தால் குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் வண்டி தானாகவே இடமும் வலமும் வாலாட்டத் தொடங்கி, ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகி, காரையும் சேர்த்துக் கவிழ்க்கலாம். 450 கிலோ வண்டியில் கொக்கியின்மேல் 54 கிலோ, அதாவது 12 விழுக்காடு அழுத்தம் இருப்பதாகக் கொள்வோம். அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் 15 கிலோ பம்பரைப் பூட்டினால், அச்சுக்கும் கொக்கிக்கும் இடையே 2.7 மீட்டர் என்ற கணக்கில், கொக்கியின் அழுத்தம் 8 கிலோவுக்குச் சற்று மேல் குறைந்து, விகிதம் 10 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அந்தப் பம்பரிலேயே 14 கிலோ உதிரிச் சக்கரத்தையும் தொங்கவிட்டால் 8 விழுக்காட்டைவிடவும் குறைகிறது. மட்கார்டுக்கு இத்தொல்லையில்லை, அது அச்சின்மேலேயே உட்கார்ந்திருப்பதால் எவ்வளவு கனமாக இருந்தாலும் தராசை எப்பக்கமும் சாய்ப்பதில்லை.

அழுத்தத்தை அளக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. கொக்கியின் உயரத்துக்கு ஒரு மரக்கட்டையை வெட்டி, குளியலறையில் எடை பார்க்கும் தராசின்மேல் நிறுத்தி, ஏர்க்காலின் முனையை அதன்மேல் இறக்கினால் முள் சொல்லிவிடும். வண்டி சமதளத்தில், தண்ணீரும் பாத்திரங்களும் ஏற்றிய நிலையில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. குறைவாக இருந்தால் மின்கலத்தையும் தண்ணீர்க் கலனையும் ஏர்க்காலின்மேல் ஒரு பெட்டிக்குள் கொண்டுவரலாம். உதிரிச் சக்கரத்தையும் அங்கேயே படுக்கவைக்கலாம். அதற்குமேலும் போதாவிட்டால் அச்சையே சில அங்குலம் பின்னால் தள்ள வேண்டியதுதான். அச்சு நகர்ந்தால் மட்கார்டும் நகரும். மட்கார்டு நகர்ந்தால், அதன் வளைவுக்கேற்ப ஏற்கெனவே அறுத்துவிட்ட கதவு நகராது. அதனாலேயே அனுபவமுள்ளவர்கள் சுவர்களை நிறுத்தும் முன்பே வெறும் சட்டத்தின் பின்முனையில், பம்பரும் அதில் தொங்கப்போகும் பொருள்களும் எவ்வளவு எடை வருமோ அவ்வளவுக்கு மணல்மூட்டைகளைக் கட்டி, வருங்காலச் சமையல் மேடைக்கும் மெத்தைக்கும் ஈடாக மேலும் சில மூட்டைகளை அடுக்கி, தராசைப் பார்த்துக்கொண்டே அச்சைக் கவ்விகளால் முன்னும் பின்னும் மாற்றிப் பிடித்து, முள் சரியான இடத்தில் நின்ற பிறகே அச்சுத் தாங்கிகளைப் பற்றவைக்கிறார்கள்.